மோந்து பார்த்து வாங்கிய டார்க் கன்வெர்ட்டர்

1

ஒரு பிக்கப் வண்டியின் டார்க் கன்வெர்ட்டரை மோந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மோந்தது மட்டுமில்லை. குலுக்கினேன். விரலால் சுண்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம், பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

இதை எழுதச் சொன்னவன் உத்தமபாளையத்தில் இருக்கும் என் சிநேகிதன். ஊர்க்காரர்களுக்காக ஒரு மலர் கொண்டுவருகிறானாம்.

“வெளிநாடு போய் செட்டிலான நம்ம ஆளுங்க எல்லாரும் எழுதுறாங்கப்பா. துபாய்ல இருந்து ஒருத்தர், மலேசியாவுல இருந்து ரெண்டு பேரு. நீயும் எழுது.”

“டேய், கொச்சி வெளிநாடாடா? காலையில குமுளி பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாமேடா.”

“நீ பேசுறதைக் கேட்டா வெளிநாடு மாதிரிதான் இருக்கு. போன கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கிட்டு ஊணு ரெடியான்னு கேட்டவன்தானே நீ?”

கேட்டேன். மறுக்கவில்லை. சாப்பாடு பரிமாற வந்த பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், “சேட்டன் ஒருத்தர் வந்திருக்காரு” என்று சொன்னதும் காதில் விழுந்தது. மட்டாஞ்சேரியில் நான் தமிழன். என் சொந்த மாமா வீட்டுக் கல்யாணத்தில் நான் சேட்டன். இரண்டு இடத்திலும் என்னை விருந்தாளியாகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை.

என் மனைவி நூர்ஜஹானும் நானும் மட்டாஞ்சேரிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்த நாள் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குத்தான் ஞாபகம் வரும். நெய்ச்சோறு ஆக்கிப் போட்டுவிட்டு, “இதோட போதும், ஊருக்குப் போயிரலாமா?” என்று கேட்பாள். நானும் “அடுத்த சீசன் முடியட்டும்” என்பேன். இந்த வருஷமும் கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். அதற்கு மறுநாள் வண்டி நின்றுபோனது. அவள் வாயில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மிளகு வியாபாரம். பஜார் ரோட்டில் சின்னக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் இரண்டு தும்மல், பிறகு ஒரு கட்டன் சாயா, பிறகு தெருவில் திரியும் ஆடுகளைச் சாக்குப் பக்கத்திலிருந்து விரட்டும் வேலை. ஆடு மிளகு தின்னாது என்று சொல்பவர்கள் மட்டாஞ்சேரி ஆட்டைப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் மிளகைக் கையால்தான் பார்ப்பார்கள். சாக்கில் கையை முழங்கை வரைக்கும் விட்டு, அடியில் இருந்து ஒரு பிடி அள்ள வேண்டும். மேலே நல்லதும் அடியில் பொக்கும் வைப்பது பழைய வித்தை. அள்ளியதை உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் போட்டால் கனம் தெரியும். ஊதினால் பொக்கு பறக்கும். மோந்தால் ஈரம் தெரியும். ரொம்பப் பளபளப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும், எண்ணெய் தடவியிருப்பார்கள். தையல் பிரித்து மறுபடி தைத்த சாக்காக இருந்தால் கையை விடவே வேண்டாம். அப்படியே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்போது இதற்கெல்லாம் தராசு வந்துவிட்டது. ஒரு லிட்டர் டப்பாவில் மிளகைக் கொட்டினால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடும். என் கடையிலும் ஒன்று இருக்கிறது. அதன் மேல் காலண்டரைச் சாய்த்து வைத்திருக்கிறேன். “சிக்கந்தர் கடைத் தராசு தேதி மட்டும்தான் காட்டும்” என்று நானே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன்.

அடிமாலிக்கு மேலே சாக்கோ சேட்டன் என்று ஒருவர் இருக்கிறார். ஏலக்காயும் மிளகும் பயிரிடுகிறவர். அவர் மிளகுக்கு மட்டாஞ்சேரியில் தனி மரியாதை உண்டு. அதை எனக்கு மட்டும்தான் கொடுப்பார். நானே நேரில் போக வேண்டும், அவர் வாசலில் உட்கார்ந்து கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஊதிப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் கொஞ்சம் லேசா இருக்கு சேட்டா” என்பேன். அவர் தலையை ஆட்டி, “நின்டெ கை பறஞ்சால் சரிதன்னெ” என்பார். உன் கை சொன்னால் சரிதான் என்று அர்த்தம். விலையையும் குறைத்துக்கொள்வார். போனில் பேரம் பேசும் வியாபாரிகளுக்கு அவர் கதவே திறப்பதில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால் என் இடது முட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாக்கு அடுக்கில் இருந்து சரிந்து விழுந்தேன். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னார், “வண்டி ஓட்டலாம், கிளட்ச் மட்டும் மிதிக்காதீங்க.” கிளட்ச் இல்லாத சரக்கு வண்டிக்கு எங்கே போவது? தேடித் தேடி, ஆலுவாவில் கல்ஃபில் இருந்து திரும்பிய ஒருவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த ஆட்டோமேட்டிக் பிக்கப்பைப் பிடித்தேன். பேர் மாற்றும் ஆபீஸில் அந்த கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“லோடு வண்டியா?”

“ஆமா.”

“ஆட்டோமேட்டிக்கோ?”

“ஆமா.”

“இதில் சாதனம் கேற்றுமோ?”

“மிளகு ஏத்துவேன் சார்.”

“நல்ல ரசமாயிருக்கும்” என்று சொல்லி ஸ்டாம்பை இறக்கினார். அவர் ரசம் என்றது தமாஷை. நான் வீட்டுக்கு வந்து, மிளகு ரசத்தைப் பற்றி ஒரு நல்ல மனுஷர் பேசினார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் ஷாஹினாதான் என்னை உட்காரவைத்து விளக்கினாள்.

3

வைட்டிலா சிக்னலில் பச்சை விழுந்தது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ஜின் யானை மாதிரி பிளிறியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் மிதித்தேன். இன்னும் பிளிறியது. பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாக அடித்தன. பைக்கில் வந்தவன் கண்ணாடியைத் தட்டினான்.

“சேட்டா, வண்டி எடுக்கு!”

“எடுத்தா வரணுமில்ல தம்பி!”

தோப்பும்படியில் இருக்கும் மெக்கானிக் பென்னி வந்து கட்டி இழுத்துப் போனான். பென்னிக்கு வாய் பெரிது. கொச்சியில் ஓடும் எந்த வண்டியானாலும் தன் கையில் பிரசவம் ஆனது மாதிரிதான் பேசுவான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அவன் பிரித்ததே இல்லை என்பது எனக்கு மூன்றாவது நாள்தான் தெரிந்தது.

“இக்கா, பாக்ஸ் போயி. வேற பாக்ஸ் வைக்கணும். கூடவே டார்க் கன்வெர்ட்டரும்.”

“அது ஷாக் அடிக்குமா?”

“எந்து?”

“கன்வெர்ட்டர்னா கரண்டு சமாச்சாரம் தானே? இன்வெர்ட்டர் மாதிரி.”

பென்னி கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டு நான் கேட்டதை மறுபடி கேட்கச் சொன்னான். கேட்டேன். அவர்களும் சந்தோஷமாக இருக்கட்டும்.

பிறகு விளக்கினான். இரண்டு ஃபேனை எதிரும் புதிருமாக வைக்க வேண்டுமாம். ஒன்றைச் சுவிட்ச் போட்டால் அந்தக் காற்றில் மற்றது சுற்றும். அதேதான் இதுவும், காற்றுக்குப் பதிலாக எண்ணெய். என்ஜின் ஒரு ஃபேனைச் சுற்றும், எண்ணெய் போய் அடுத்த ஃபேனைத் தள்ளும், அது கியர்பாக்ஸைச் சுற்றும். கிளட்சுக்குப் பதில் இதுதான். இரண்டு கும்பாவை வாயோடு வாய் வைத்து ஒட்டிய மாதிரி ஒரு இரும்பு உருண்டைக்குள் இத்தனையும் இருக்கிறதாம்.

“அப்போ எண்ணெய்தான் வண்டியைத் தள்ளுதா?”

“அதே.”

“எண்ணெய் வழுக்கத்தானே செய்யும்? அது எப்பிடித் தள்ளும்?”

பென்னி ஸ்பானரைத் திரும்பக் கையில் எடுத்தான். “அதொந்நும் சோதிக்கல்லே இக்கா” என்றான், அதெல்லாம் கேட்காதீர்கள் என்று. அவனுக்கும் அதுவரைக்கும்தான் தெரியும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பழைய கன்வெர்ட்டரையே போட்டு ஓட்டு, பாக்ஸ் மட்டும் மாற்று என்றான் பென்னி. மறுநாள் அவனே வேண்டாம் என்றான். புதிதாகக் கம்பெனியில் வாங்கினால் கடலில் வந்து வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கிக் கைக்குக் கிடைக்க மழைக்காலம் ஆகிவிடும் என்றார்கள் ஷோரூமில். ஷாஹினா போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். ஒரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ஏதோ கத்தினார். வண்டியை விற்றுவிட்டுக் கடையில் உட்காருங்கள், டிரைவரை அனுப்பினால் சரக்கு வரும் என்றாள் நூர்ஜஹான்.

“சரக்கு வராது. நான் போனாத்தான் சாக்கோ தருவாரு.”

“அவரும் உங்களை மாதிரிதானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். என்ன அர்த்தத்தில் கேட்டாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அதற்குள் சாக்கோ சேட்டன் போன் செய்துவிட்டார். மிளகு காய்ந்து சாக்கில் ஏறிவிட்டது. மலையில் மழைக்கார் கட்டுகிறது. வேறொரு வியாபாரி லாரியோடு இரண்டு தடவை வாசலுக்கு வந்துவிட்டுப் போய்விட்டான். “நீ வந்நு கை வைச்சாலே ஞான் தரூ. ஆனா வேகம் வரணும்.”

4

கோயம்புத்தூரில் பழைய பாகங்கள் விற்கும் கடை ஒன்றைப் பென்னி கண்டுபிடித்தான். என் வண்டியைப் போலவே ஒன்று ஆக்ஸிடெண்டில் முன்பக்கம் நொறுங்கி அங்கே வந்திருந்தது. அதன் கியர்பாக்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். கடைக்காரத் தம்பி போனில் பேசினான். அப்பாடா, சுத்தத் தமிழ்! எனக்கு அவன் மேல் அப்போதே பாசம் வந்துவிட்டது.

“அண்ணே, பாக்ஸ் ஒன்னு அனுப்புறேன். கன்வெர்ட்டர் ரெண்டு அனுப்புறேன். ஒன்னு அந்த பாக்ஸோடவே வந்தது, பிரிக்காதது. இன்னொன்னு நாங்க அறுத்து உள்ளே கழுவி மறுபடி ஒட்டுனது. ரெண்டும் உங்க வண்டிக்குச் சேரும். ஒன்னை வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பி அனுப்பிருங்க. ஆனா அண்ணே, இதுல...”

“தம்பி, சரக்கு கைக்கு வரட்டும். நான் பாத்துக்கறேன். இருபத்தஞ்சு வருஷமா நான் பாக்குற வேலையே இதுதான்.”

“அண்ணன் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கீங்களா?”

“மிளகு.”

“சரிங்கண்ணே” என்றான்.

மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. கடைத் தரையில் சாக்கை விரித்து இரண்டு கன்வெர்ட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பென்னி வந்திருந்தான். காலேஜ் முடிந்து ஷாஹினாவும் வந்தாள். தெருவில் தரகர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். புதுச் சரக்கு ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் கழுவியது. பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். எனக்கு உடனே பிடிக்கவில்லை. மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை.

“பாலிஷ் போட்டிருக்கான்” என்றேன்.

“பெயிண்ட் அல்லே இக்கா அது?” என்றான் பென்னி.

“அதைத்தான் சொல்றேன். நல்ல சரக்குக்கு எதுக்குடா பாலிஷ்?”

நடுவில் சுற்றிலும் வெல்டிங் தழும்பு. அறுத்து ஒட்டிய இடம். விரலால் தடவினேன். பிரித்துத் தைத்த சாக்கு மாதிரியே இருந்தது. தூக்கினேன். லேசு. குலுக்கினேன். உள்ளே சத்தமே இல்லை.

அடுத்தது. அழுக்கு, கறுப்பு, ஓரத்தில் துரு. ஆனால் தையல் பிரிக்காதது. கம்பெனியில் ஒட்டியபடியே இருந்தது. தூக்கியபோது கை கீழே இறங்கியது. நல்ல கனம். குலுக்கினேன். களக் களக் என்றது. மோந்தேன். வறுத்த வாடை. மெஷின் என்றால் மெஷின் வாடை அடிக்கத்தானே வேண்டும்? எனக்குள் இருந்த வியாபாரி எழுந்து நின்று கை தட்டினான்.

“இது” என்றேன். “உள்ளே சரக்கு இருக்கு.”

பென்னியும் தூக்கிப் பார்த்து, “கம்பெனி சாதனம். பிரிக்காததுதான் நல்லது” என்று ஒத்துக்கொண்டான். அவனுக்கு அன்று எது சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் மனநிலை.

ஷாஹினா மட்டும் குனிந்து பெயிண்ட் அடித்ததைத் தொட்டுக் காட்டினாள். “அத்தா, இதுதான் நல்லது. கழுகியது.”

வீட்டில் நான் அவளுக்கு அத்தா. அவள் சிநேகிதிகள் முன்னால் போனில் பேசும்போது வாப்பா. முதல் தடவை கேட்டபோது யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் எழுத வராது. நான் எழுதும் இவ்வளவு நீளத்தை அவளுக்கு அவள் அம்மாதான் படித்துக் காட்ட வேண்டும்.

“கழுகு வானத்துல பறக்கும்மா. கழுவினதுன்னு சொல்லு.”

“சரி, கழுவினது. வார்த்தை எதா இருந்தா என்ன? உள்ளே கிளீன் ஆயிட்டு இருக்கணும் அத்தா. மத்ததுல பழைய ஓயில் கிடக்கு. அதான் கனம்.”

“நீ மிளகு பாத்திருக்கியா?”

“இது மிளகு இல்லையே!”

தரகர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, “ஆ, ஷெரி” என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் அவள் தமிழைத் திருத்திக்கொண்டு நின்றேன். அவள் என் வண்டியைத் திருத்த வந்தவள்.

மறுநாள் கழுவியதைத் திருப்பி அனுப்பப் பார்சல் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“இதில் ஓயில் உண்டோ? ஓயில் உண்டெங்கில் எடுக்கில்லா. வேற பேப்பர் வேணும்.”

“ஒரு சொட்டு கிடையாது சார். குலுக்கிப் பாருங்க.”

அவரும் குலுக்கிப் பார்த்தார். “நல்ல கிளீன்” என்று பாராட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். அந்தப் பாராட்டை நான் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

5

பென்னி எல்லாவற்றையும் மாட்டிப் புது எண்ணெயும் ஊற்றினான். வண்டி ஓடியது. பட்டு மாதிரி ஓடியது. ஃபோர்ட் கொச்சி வரைக்கும் போய் வந்தேன், மறுநாள் ஆலுவா போய் வந்தேன். ஷாஹினாவை காலேஜ் வாசலில் இறக்கிவிடும்போது, “எப்பிடி?” என்று கேட்டேன். “நல்லா இருக்கு அத்தா” என்றாள். அவள் குரலில் இருந்தது சந்தேகம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பெருமை என்று நினைத்தேன்.

சாக்கோ சேட்டனுக்குப் போன் போட்டுவிட்டுக் காலையிலேயே மலைக்குக் கிளம்பினேன். கோதமங்கலம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. நேரியமங்கலம் பாலம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் என்ஜின் சத்தம் ஏறியது, வண்டியின் வேகம் இறங்கியது. இன்னொரு வளைவில் வண்டி உடம்பெல்லாம் உதறியது. அப்புறம் அதே பிளிறல். ஓரமாக ஒதுக்கி நிறுத்துவதற்குள் பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி எனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் சொன்னார்.

பெரிய கல்லாகப் பார்த்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் எனக்காக மிளகு காத்திருக்கிறது. நான் அடிவாரத்தில் ஒரு கல்லுக்குக் காவல் இருக்கிறேன். வேறு ஆளாக இருந்தால் அழுதிருப்பான். நான் நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன்.

“ஏறலையா?”

“ஏறலை.”

“ஷாஹினா சொன்னாளாமே.”

“சொன்னா.”

“அவ சொன்னது தமிழ்லதானே?”

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்து சாக்கோ சேட்டன். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஞான் சாக்கு மச்சில் ஏற்றி வைக்காம். நீ வா. நின்டெ கைக்கு வேண்டியாணு வைக்குந்நது, மறக்கண்டா” என்றார். உன் கைக்காகத்தான் வைக்கிறேன், மறக்காதே என்று அர்த்தம். மிளகைப் பரணில் ஏற்றி வைப்பதென்றால் அந்த வயதில் அவரும் அவர் மனைவி மரியாம்மா சேச்சியும்தான் தூக்க வேண்டும். லாரி வைத்திருந்த வியாபாரியிடம் அன்றே முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கல் பக்கத்தில் மிச்சம் இருந்த சிரிப்பும் போய்விட்டது.

6

வண்டியை மறுபடி கட்டி இழுத்து வந்து, பென்னி அடியில் இருந்த தட்டைக் கழற்றினான். அவன் புதிதாக ஊற்றிய சிவப்பு எண்ணெய் வரவில்லை. கறுப்புக் கஞ்சி வந்தது. அதில் ஜிகினா மாதிரி இரும்புத் தூள் மினுங்கியது. ஃபில்டர் அடைத்துப் போயிருந்தது.

“இது எங்கிருந்து வந்துது? பாக்ஸைத்தான் சுத்தம் பண்ணிட்டாங்களே.”

பென்னி என் முகத்தைப் பார்க்காமல் கன்வெர்ட்டரைக் காட்டினான். “இக்காடெ சரக்கு” என்றான்.

கோயம்புத்தூர்த் தம்பிக்குப் போன் போட்டேன். கழுவியதைத் திரும்ப அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அது வந்த அன்றைக்கே பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம்.

“அதைத்தாண்ணே அன்னைக்குச் சொல்ல வந்தேன். பிரிக்காததுல பழைய ஓயில் அப்பிடியே நிக்கும். அந்த பாக்ஸ் தேஞ்ச தூளெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். அறுத்தாத்தான் வெளியே வரும். நீங்க இருபத்தஞ்சு வருஷ அனுபவம்னு சொன்னீங்க. சரி, பெரியவரு, தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.”

நல்ல வேளை, சீக்கிரமே நிறுத்தியதால் பாக்ஸ் பிழைத்தது. பென்னி மறுபடி இறக்கி, இந்தத் தடவை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாகக் கழுவினான். என் கனமான, பிரிக்காத, நல்ல வாடை அடிக்கும் கன்வெர்ட்டர் அறுத்துக் கழுவக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியது. பார்சல் ஆபீஸில் அதே மனிதர்.

“ஓயில் உண்டோ?”

“உண்டு சார்” என்றேன்.

எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்து நானே கொண்டுபோனேன். பாலக்காடு வருவதற்குள் வேட்டியெல்லாம் எண்ணெய். கோயம்புத்தூர்க் கடையில் லேத்தில் வைத்து என் கண் முன்னால் அறுத்தார்கள். தேங்காய் உடைத்த மாதிரி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே இருந்த சேற்றை ஒரு ஆள் கரண்டியால் வழித்தான். நான் கையில் தூக்கி மெச்சிய கனம் முழுதும் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் போய் விழுந்தது.

கழுவி, ஒட்டி, சுற்றவிட்டுச் சரி பார்த்து, கடைசியில் வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தேன். பளபளப்பு. நடுவில் சுற்றிலும் தழும்பு. மண்ணெண்ணெய் வாடை. லேசு. குலுக்கினால் சத்தம் இல்லை. நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே சரக்கு. இந்தத் தடவை நானே செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஷாஹினா அதைப் பார்த்தாள். குனிந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, அதை மோந்து பார்த்தாள்.

“போதும்” என்றேன்.

7

வண்டி நேரியமங்கலம் ஏற்றத்தை ஏறியது. நான் போன தடவை உட்கார்ந்திருந்த கல் இன்னும் அங்கேயே கிடந்தது. வேகத்தைக் குறைக்காமல் தாண்டினேன்.

கிளம்பும்போது நூர்ஜஹான் வாசல் வரைக்கும் வந்தாள். “இந்தக் கதையை அங்க போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. மிளகை ஏத்துனமா, வந்தமான்னு இருங்க” என்றாள். சரி என்றேன். நான் சரி என்று சொன்னதில் அவளுக்கும் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. நல்ல கதை ஒன்று கையில் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. அதில் நானே கோமாளியாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

மரியாம்மா சேச்சி கப்பைக் கிழங்கும் மீனும் கொண்டுவந்து வைத்தாள். “வண்டிக்கு எந்து பற்றி?” என்று நடந்ததைக் கேட்டார் சாக்கோ சேட்டன். அவ்வளவுதான். ஷாக் அடிக்குமா என்று கேட்டதில் ஆரம்பித்தேன். பாலிஷ் என்றதை நடித்துக் காட்டினேன். கப்பை இருந்த பாத்திரத்தைத் தூக்கி, கனம் பார்த்து, காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினேன். “பிரிச்சுத் தைச்ச சாக்கு!” என்றேன். சேட்டன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சேச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த சேற்றைக் கரண்டியால் வழித்த இடத்துக்கு வந்தபோது, “மதி, மதி,” போதும் என்று சேட்டன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் திருப்தியாக இருந்தது. ஒரு மாசத்துக் கஷ்டம் அந்தச் சிரிப்பில் கரைந்து போன மாதிரி இருந்தது.

பிறகு எழுந்து சாக்குகளிடம் போனோம். பரணில் இருந்து இறக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் சாக்கின் வாயை அவிழ்த்தார். வழக்கம் போல நான் சட்டைக் கையை மடித்து, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன். அடியில் இருந்து ஒரு பிடி அள்ளினேன். உள்ளங்கையில் தூக்கிப் போட்டேன். ஊதினேன். மோந்தேன்.

“இந்த வருஷம் கொஞ்சம் லேசா இருக்கு சேட்டா” என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு நின்று போயிருந்தது. என் கையில் இருந்த மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷத்து மிளகை ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்ப்பது போல இருந்தது அவர் முகம். சேச்சி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னொரு பிடி அள்ளிக் காட்டலாம் என்று மறுபடி சாக்குக்குள் கையை விட்டேன்.

“கை எடுக்கு, சிக்கந்தரே” என்றார். “நின்டெ கடையில ஒரு தராசு உண்டெந்நு பறஞ்சில்லே? போயி அதெடுத்துக் கொண்டு வா.”